மணலூத்து போர்டுகள் முகம் திருப்பிய காலம்

எங்கள் ஊர் மணலூத்தில் ஒரு எழுத்து இருந்தது, அதற்குத் தலைவலி வரும், கோபம் வரும், மழை நாளில் சோம்பல்கூட வரும். அதைப் பற்றி யாரும் பேப்பருக்கு எழுதிப் போடவில்லை, எந்தச் சாமியாரையும் கூட்டிவந்து காட்டவில்லை, ஏனென்றால் அது செண்பகவல்லியின் எழுத்து, செண்பகவல்லிக்குத் தலைவலி வந்தால் அவள் எழுத்துக்கும் வரத்தானே செய்யும், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது.

நான் காந்திமதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது உண்மைதான், ஆனால் நான்கூட வெளியே சொல்லாத ஒரு விஷயத்தை ஊரே சேர்ந்து சொல்லாமல் இருந்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் கடையை ஒட்டினாற்போல் கோமதி டிஜிட்டல். முதலாளி பால்துரை அண்ணாச்சி. பேனர், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, மிட்டாய் டப்பா லேபிள் எல்லாம் அங்கேதான், எல்லாவற்றுக்கும் டிசைன் செய்கிறவள் செண்பகவல்லி. வருகிற ஆளெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவான்: "தங்கச்சி, கையில எழுதுன மாதிரியே இருக்கணும், ஆனா கையில எழுதப்பிடாது." கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள், இது முறைக்குது என்பான், இது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு என்பான். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அகரம் முதல் ஆய்தம் வரை, உயிர்மெய்யும் புள்ளியும் கொக்கியும், அவள் அவசரத்துக்கு எழுதுகிற அதே கையில், வெள்ளைத் தாள்களில் எழுதித் தள்ளினாள். என் மிஷினில்தான் ஸ்கேன் எடுத்தோம். அந்த வகையில் அந்த எழுத்துக்கு நான் பெரியம்மா முறை.

கோட்டில் அடங்கி உட்காராத எழுத்து அது. 'க' ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், 'ழ' தன் வாலைப் பக்கத்து எழுத்தின் காலடியில் நீட்டி வைத்திருக்கும், 'ண' மூன்று சுழி போதாமல் நாலாவதுக்கு ஆசைப்பட்டது மாதிரி வளையும், மொத்தத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டரில் அதற்கு 'செண்பா' என்று பேர் வைத்தாள். பெரிய மனிதர் பேருக்கும் அஞ்சலி போஸ்டருக்கும் தடித்த எழுத்து, பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் வாயில் போட்டு மெல்லுகிற எல்லாப் பண்டத்துக்கும் செண்பா என்று அண்ணாச்சி ஒரு கணக்கு வைத்தார். கொஞ்ச நாளில் புரோட்டாக் கடை, அல்வாக் கடை, பாலர் பள்ளி, செல்போன் ரிப்பேர், என் ஜெராக்ஸ் கடை உட்பட பஸ் ஸ்டாண்டைச் சுற்றிலும் அவள் கையெழுத்தாகத்தான் இருந்தது.

விஷயம் வெளியே வந்தது ஒரு தப்பினால். டிசைன் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு, நேற்றுப் போட்ட பேனரையே திறந்து, போட்டோவை மாற்றி, பேரை மாற்றி இன்றைய பேனர் ஆக்கிவிடுவார்கள், புதிதாக யார் உட்கார்ந்து போடுவது. அப்படித்தான் ஒரு முதல் பிறந்தநாள் பேனர் ரிட்டயர்டு கண்டக்டர் சுடலைமுத்துவின் கண்ணீர் அஞ்சலியாக மாறியது, போட்டோ மாறிற்று, பேர் மாறிற்று, பலூன்கள் எல்லாம் போயின, எழுத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். துள்ளிக் குதிக்கிற எழுத்தில் 'இதயம் நொறுங்கி நிற்கிறோம்' என்று பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். செண்பகவல்லிக்கு விஷயம் தெரிந்ததும் மேஜையில் தலை வைத்து அப்படி அழுதாள். சண்டை போடுவதற்கென்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுடலைமுத்துவின் சம்சாரம் வந்தபோது, நாங்கள் எல்லோரும் கூடப் போய்ப் பார்த்தால், பேனரில் ஒரு எழுத்துகூடத் துள்ளவில்லை. அத்தனையும் தலையைக் குனிந்துகொண்டு, தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இழவு வீட்டு வாசலில் நிற்கிற ஆண்களைப் போல நின்றன. அந்த அம்மா வெகுநேரம் பார்த்தாள். "சொந்தக்காரப் பயலுவகூட இப்படி வந்து நிக்கல," என்று சொல்லி மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விட்டாள். அண்ணாச்சி காசு வாங்கவில்லை, அது வேறு கதை.

அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது. அச்சடித்து, காய்ந்து, கம்பத்தில் கட்டி, வெயிலில் வெளுத்த பிறகும் அந்த எழுத்து அவளோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. காலையில் பஸ் ஏற வருகிறவர்கள் புரோட்டாக் கடை போர்டைப் பார்த்து, "செண்பகத்துக்கு ஜலதோசம் போல" என்பார்கள். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, பிள்ளைக்கு இன்னைக்கு மனசு எப்படி? நல்லாருந்தா இப்பவே அடிச்சிருங்க, இல்லன்னா நாளைக்கு வாரோம்" என்பார்கள். புருஷன் ஆறுமுகநயினாரோடு அவள் சண்டை போட்ட அன்று அல்வாக் கடையில் 'ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்' என்பது, பார்க்காமல் போனால் நடக்கிறதே வேறு என்கிற தோரணையில் முறைத்துக்கொண்டு நின்றது; அன்றைக்கு அல்வா நன்றாக விற்றது. நயினார் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு வண்டி ஓட்டுகிறவன், சாது. ஊருக்குள் வண்டி நுழையும்போதே போர்டைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்கய்யா, போர்டப் பாத்துப் பேசாதீங்க," என்று அவள் சத்தம் போடுவாள். யார் கேட்டார்கள்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. முதலாவது, எழுத்து வருவதற்கு முன்னால், எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாவது போனபோது ஊருக்கே தெரிந்தது, அந்த மழைக்காலம் முழுக்க ஊர் போர்டுகளில் எழுத்து தலைமுடி கனத்துக்கு இளைத்துக் கிடந்தது, புரோட்டாக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று வெளியூர்க்காரனுக்கு வாசிக்க முடியவில்லை. யாரும் போர்டை மாற்றவில்லை. அந்த மழையில் கல்யாணம் வைத்தவர்கள்கூட அந்த எழுத்திலேயே பத்திரிகை அடித்து, வீடு வீடாகப் போய் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதனால்தான், பங்குனி வெயிலில் ஒருநாள் பாலர் பள்ளிப் போர்டில் எழுத்துகள் லேசாகத் தடித்திருப்பதைப் பார்த்ததும், கிட்டே போய் இன்னொரு முறை பார்த்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் அடி கனத்திருந்தது, 'வ' முன்பக்கம் தள்ளிக்கொண்டு இடுப்பில் கை வைத்தாற்போல் நின்றது. எழுத்து வயிறு வைத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம், உண்டான செய்தியை ஐந்து மாசம் ஆகிறவரை வாய்விட்டுச் சொல்லமாட்டோம், கேட்கவும் மாட்டோம், கண்ணு பட்டுவிடும். முழுகாமல் இருக்கிறவள் எதிரே வந்து வாந்தி எடுத்தாலும், நேற்றுச் சாப்பிட்ட புரோட்டாவைத்தான் குறை சொல்லுவோம். ஆக, தலைக்கு மேல் இருபதடி அகலத்தில் சேதி எழுதிக் கட்டியிருக்கிற ஒரு ஊர், அண்ணாந்து பார்க்காமல் நடமாடத் தொடங்கியது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். அல்வாக் கடைக்காரர் தன் கடைப் பேரையே பார்க்காமல் ஷட்டரைத் தூக்கினார். எவனாவது வெளியூர்க்காரன், "என்னங்க, இந்த ஊர்ல எழுத்தெல்லாம் குண்டா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் நாலு பேர் அவன் வாயைப் பொத்தினார்கள்.

செண்பகவல்லி என்னிடமே ஒருநாள் வந்தாள். "எக்கா, என் எழுத்து கொஞ்சம் தடிச்சாப்புல இருக்கோ?"

"மிஷின்ல மை ஜாஸ்தி ட்டி," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "ஆமா, மைதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு ஆளால்தான் பொறுக்க முடியவில்லை, டீக்கடை கொம்பையா. எங்கள் ஊரில் எதற்கும் பேனர் வைப்போம், பையன் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாலும் வைப்போம், அதிலும் கொம்பையா, தன் மாடு கன்று போட்டதற்கு வைத்தவன். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அவனால் டீ ஆற்ற முடியவில்லை. நேரே கோமதி டிஜிட்டலுக்குப் போய், அவளிடமே, "தங்கச்சி, ஒரு பேனர் வேணும். 'மனதார வாழ்த்துகிறோம்'. உன் எழுத்துலயே போடு," என்றிருக்கிறான்.

"யாருக்கு அண்ணே?"

"பேருக்கு மட்டும் கீழ இடம் விட்டுரு. அப்பொறம் சொல்லுதேன்."

"என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல தாயி," என்றவன், வியர்த்து விறுவிறுத்துப் பணத்தை மேஜையில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டான். பேனரை வாங்கி டீக்கடைப் பரணில் ஒளித்து வைத்தான்.

அன்று சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்து, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, அழுதாள். வெளியே என் போர்டு குனிந்திருக்கும், எனக்குத் தெரியும், நான் எட்டிப் பார்க்கவில்லை.

"எக்கா, எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தெரியாத மாதிரி இருக்கீய. இந்தத் தடவையும் தங்காம போச்சுன்னா நான் என்ன செய்வேன்? போன தடவை ஊரே பாத்துச்சு. மத்த பொம்பளைக்கெல்லாம் கதவச் சாத்திட்டு அழ ஒரு வீடு இருக்கு. எனக்கு இருக்கா? நான் அழுதா அல்வாக் கடையில தெரியுது. எனக்கு இந்தப் பிள்ளை வேணும் எக்கா. வேணுங்கறதுகூட ஊர் பூரா தெரியுது."

அவள் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் நான் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துருதேன் காந்தி. வெளிய தொங்குறத என்ன செய்ய?" என்றார். என்ன செய்ய என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. அல்வாக் கடைக்காரர் முதலில் ஏணி போட்டு ஏறித் தன் போர்டைக் கழற்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். புரோட்டாக் கடைக்காரர் மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டார். பாலர் பள்ளி டீச்சர் தன் பழைய பட்டுச் சேலையைக் கொண்டுவந்து கட்டினாள், பாவி, ஜரிகை இன்னும் மங்காத சேலை. என் போர்டுக்கு நான் ஒரு ஜமுக்காளம். சாயங்காலத்துக்குள் மணலூத்து பஸ் ஸ்டாண்டில் பேர் தெரிகிற கடை ஒன்றுகூட இல்லை. டிரைவர்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். செண்பகவல்லி வேலை முடிந்து வெளியே வந்து, ஒரு சுற்றுப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு நடந்தாள், அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, பின்னால் நின்ற எனக்கும் தெரியாது.

ஐந்து மாசம் முடிந்தது. அதற்குப் பிறகும் யாரும் போர்டைத் திறக்கவில்லை, அவள் சொல்லட்டும் என்று இருந்தோம்.

கொம்பையாவின் பேனர் மட்டும் பரணில் கிடந்தது. பேனரை வெயில் காலத்தில் சுருட்டியே வைத்தால் மை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும், அதனால் அவன் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் கடைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், தரையில் விரித்துக் காற்றாட விடுவான், பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடித்தபடி பார்த்து ரசிப்பான். ஊரே மறைத்து வைத்திருக்கும்போது இதைச் செய்தானே என்று அப்புறம் யாரும் அவனைத் திட்டவில்லை.

அன்றைக்கும் விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். 'மனதார வாழ்த்துகிறோம்' என்பதில் முதலில் 'ழ்' வாலை இழுத்துக்கொண்டது. அதன் பிறகு 'ம' சரிந்தது. தூங்கப் படுக்கிற படுக்கை இல்லை அது, கால் தடுக்கி விழுகிற விழுகை. ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா எழுத்தும் விழுந்து, விழுந்த இடத்தில் அசையாமல் கிடந்தன.

கொம்பையா போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே எழுந்தது. "ஏ, செண்பகம் விழுந்துட்டா! செண்பகம் விழுந்துட்டா!" நயினார் கேரளாவில் இருந்தான். அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள், தனியாக. நாங்கள் ஓடினோம், நான் இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன், அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு ஓடினார், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் பின்வாசலில் துவைகல் பக்கத்தில் கிடந்தாள், நினைவில்லை, பாவாடையெல்லாம் ரத்தம்.

அல்வாக் கடை வேனில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொம்பையா பேனரைத் தோளில் சுமந்துகொண்டு பின்னாலேயே பைக்கில் வந்தான். ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் அதை விரித்தான். ஆஸ்பத்திரியில் உள்ளே விட மாட்டோம் என்றதால் ஊர் முழுக்க அதைச் சுற்றி உட்கார்ந்தது. எழுத்துகள் கிடந்த கிடை மாறவில்லை. புரோட்டாக் கடைக்காரர் தோள் துண்டை எடுத்து எழுத்துகளுக்கு விசிறினார். யாரும் சிரிக்கவில்லை. நான் எந்தச் சாமியை விட்டேன், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், சிலரைத் திட்டவும் செய்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் 'ழ்' வாலை ஒரு இஞ்சு நீட்டியது. "நீட்டிருச்சு!" என்றான் கொம்பையா. 'வா' ஒரு கையை ஊன்றியது. 'ம' புரண்டு படுத்தது, வயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டுதான் புரண்டது. டாக்டரம்மா வெளியே வந்து, "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க, ரெண்டு உயிரும் நல்லாருக்கு," என்று சொன்னபோது, "தெரியும் டாக்டர்," என்று மரத்தடி மொத்தமும் சொல்லிவிட்டது.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். செண்பகவல்லி கண்ணைத் திறந்து, என் கையைப் பிடித்தாள்.

"எக்கா, போர்டையெல்லாம் திறந்து விடச் சொல்லுங்க."

"மறைவு வேணும்னியே ட்டி?"

"நான் அழுதா அழுததாத் தெரியட்டும். தெரிஞ்சதாலதான இப்பக் கெடக்கேன்."

மறுநாள் சாக்கும் சேலையும் ஜமுக்காளமும் இறங்கின. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, அழிக்கும்போதே அதில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டு, செண்பாவை மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஊர் அண்ணாந்து பார்த்து நடக்கத் தொடங்கியது. எழுத்துகள் ஒவ்வொன்றும் மூச்சு வாங்கிக்கொண்டு, கால் வீங்கிக்கொண்டு, பெருத்து நின்றன, ஐப்பசியில் 'புரோட்டா' என்கிற வார்த்தை போர்டில் இடம் போதாமல் பக்கத்துக் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டது. பக்கத்துக் கடைக்காரர் தன் போர்டை ஓரமாக நகர்த்தி மாட்டினார்.

கார்த்திகையில், ஒரு காலை நேரம், எல்லா எழுத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்தன, பிறகு ஒரே சமயத்தில் இளைத்து, துவண்டு, அப்படியே சாய்ந்துகொண்டன. கொம்பையா யாரையும் கேட்கவில்லை. பேனரைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு நடுவில் கட்டினான். பேருக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது, அதில் என்ன எழுதுவது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, அந்த வெள்ளையில் ஒரு புள்ளி வந்தது. காக்கா எச்சம் என்று கொம்பையா துண்டை வைத்துத் துடைத்தான். போகவில்லை. திரும்பிப் பார்த்தால் அல்வாக் கடைப் போர்டில் கீழ் ஓரத்தில் ஒன்று, புரோட்டாக் கடையில் ஒன்று, பாலர் பள்ளியில் ஒன்று, மிட்டாய் டப்பா ஒவ்வொன்றிலும் கடுகளவுக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்து நயினார் போன் பண்ணினான். "பொண்ணு எக்கா!" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது, அதற்கு மேல் அழுகை.

பிள்ளை குப்புற விழுந்த அன்று புள்ளி கோடாயிற்று. தவழத் தொடங்கியபோது கோடு வளைந்து சுருண்டு, எந்த மொழியிலும் இல்லாத ஒரு கிறுக்கலாகி, அம்மாவின் எழுத்துக்குக் கீழே இஷ்டத்துக்குத் திரிந்தது. வெளியூர்ப் பார்ட்டி ஒருத்தர் பத்திரிகை மாதிரியைப் பார்த்துவிட்டு, "கீழ என்னங்க கோடு? எடுத்துருங்க," என்றார். "அது எடுக்க வராதுங்க, பிள்ளை விளையாடுது," என்றார் அண்ணாச்சி. அவர் விழித்தார். பெண் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர், குறுக்கே வந்து, "இருக்கட்டும் சம்பந்தி, நல்ல சகுனம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று செண்பகவல்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றாள். என் போர்டில் 'காந்திமதி ஜெராக்ஸ்' என்பதன் மேலே ஏறி, 'ஜெ'யின் கொம்பில் ஒரு சுழியும், 'தி'யின் தலையில் ஒரு சுழியுமாக, கிறுக்கல் ஒரே அமர்க்களம் பண்ணி வைத்திருந்தது.

"எக்கா, உங்க போர்டுல என்ன இது?" என்று கேட்டாள், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"மிஷின்ல மை ஜாஸ்தி ட்டி," என்றேன்.

அவள் சிரித்தாள், என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளையும் சிரித்தது, அப்போது வந்து நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும், ஊர் பூராவும் போர்டுகளில் எழுத்துகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டாதவர்கள்கூட எங்கள் ஊரில் இறங்கினார்கள்.